‘இஸ் பீயிங் பில்ட்’: வசைக்கு ஆளாகி வழக்கில் நின்ற ஒரு வினைவடிவம்

‘வீடு கட்டப்பட்டு வருகிறது’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், செயப்பாட்டுவினைப் பாடம் முடித்த மாணவர் யோசிக்காமல் ‘த ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்’ என்று எழுதிவிடுவார். செய்தித்தாளிலும் அலுவலகக் கோப்பிலும் வங்கிக் கடிதத்திலும் நாள்தோறும் கண்ணில் படும் வடிவம் இது. இதன் வயது முந்நூறு ஆண்டுகூட இல்லை என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. ஷேக்ஸ்பியருக்கு இது தெரியாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் கற்றறிந்தோர் சிலர் இதை மொழிக்கு நேர்ந்த கேடு என்றே எழுதிவந்தனர்.

அதற்கு முன் என்ன சொன்னார்கள்? ‘த ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றார்கள். சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘வீடு கட்டிக்கொண்டிருக்கிறது’. இதற்கும் ஒரு முன்வடிவம் உண்டு. ‘ஆன் பில்டிங்’ என்ற தொடரில் ‘ஆன்’ தேய்ந்து ‘எ பில்டிங்’ ஆயிற்று; பிறகு அந்த ஓரெழுத்தும் உதிர்ந்தது. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் நோவாவின் பேழை ஆயத்தமாவதைச் சொல்லுமிடத்தில் அந்த ‘எ’ இன்னும் இருக்கிறது.

தமிழ் இலக்கணம் பயின்றவருக்கு இந்த அமைப்பு புதிதன்று. செயப்படுபொருளையே வினைசெய்தது போலச் சொல்வதும் வழக்கில் உள்ள மரபுதான் என்று தொல்காப்பிய வினையியல் விதிக்கிறது. ‘திண்ணை மெழுகிற்று’ என்பது உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது என்பது கேட்பவருக்குத் தெரியும். ஆகவே குழப்பம் இல்லை. ஆங்கிலப் பழைய வடிவமும் இதே நம்பிக்கையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எழுவாய் உயிருள்ளதாக இருந்தால் அந்த நம்பிக்கை உடைந்துவிடும். ‘த சைல்ட் இஸ் வாஷிங்’ என்றால் குழந்தை எதையோ கழுவுகிறதா, குழந்தையை யாரோ கழுவுகிறார்களா? 18-ஆம் நூற்றாண்டில் செய்வினைத் தொடர்வடிவம் ஆங்கிலத்தில் மேலும் மேலும் பரவியது. இந்த இடர்ப்பாடும் கூடவே வளர்ந்தது. புதிய வடிவம் பிறக்க முதன்மைக் காரணம் இதுவே என்பது என் கருத்து.

அதன் தொடக்கச் சான்றுகள் நூல்களில் அல்ல, கடிதங்களில் கிடைக்கின்றன. மாம்ஸ்பெரி பிரபு குடும்பக் கடிதத் தொகுப்பில், 1772-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று நாடாளுமன்றக் கீழவை விவாதத்தைக் குறிப்பிடும்போது இவ்வடிவத்தைக் கையாள்கிறது. 1795-இல் கவிஞர் ராபர்ட் சதே எழுதிய கடிதத்தில் வருவது இன்னும் சுவையானது: முரட்டுக் கை நாவிதரிடம் கடைவாய்ப்பல்லை வேரோடு பறிகொடுத்துக்கொண்டிருக்கும் ஒருவனின் நிலை. பழைய வடிவில் இதைச் சொல்லியிருந்தால் பல்லே எதையோ பிடுங்குவதாகிவிடும்.

லிண்டா பிராட், டேவிட் டெனிசன் என்னும் ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட கட்டுரை இந்தச் சான்றுகளை வேறு கோணத்தில் பார்க்கிறது. சதே, கோல்ரிட்ஜ் ஆகியோரைச் சுற்றியிருந்த, அரசியலில் தீவிரம் பேசிய இளைஞர் வட்டமே இவ்வடிவத்தைப் பரப்பியது என்பது அவர்கள் வாதம். ஜேன் ஆஸ்டின் சதேயைவிட ஒரு வயதே இளையவர். ஆனால் அவருடைய ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில் பயணப்பெட்டிகள் மாடியிலிருந்து கீழே இறக்கப்படும் இடத்தில் பழைய வடிவமே வருகிறது. வயதைவிடச் சேர்க்கை வலிது போலும்.

எதிர்ப்பு ஓய்ந்தபாடில்லை. அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ் 1860-இல் வெளியான தம் ஆங்கில மொழிச் சொற்பொழிவுகளில் இதைத் தேவையற்ற, விகாரமான புதுமை என்றார். ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட் 1870-இல் வெளியிட்ட நூலில் இதற்கென்றே ஓர் இயலை ஒதுக்கினார். ‘இஸ்’, ‘பீயிங்’ இரண்டும் ஒரே வினையின் வடிவங்கள். ஒன்றன்மேல் ஒன்றை அடுக்குவது அறிவுக்குப் பொருந்தாது என்பது அவர் தருக்கம். தருக்கமாகப் பார்த்தால் பழுதில்லை. மொழிக்குத்தான் அது பொருந்தவில்லை.

இவர்கள் தூய்மை என்று காத்த பழைய வடிவத்தையே 1755-இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியோடு சேர்த்த இலக்கணத்தில் பிழைபட்டது என்று கண்டித்திருந்தார்! புத்தகம் அச்சாகிறது என்பதற்கு ‘எ பிரிண்டிங்’ என்பதே தூயது, ‘எ’ இல்லாதது சிதைவு என்றார். ஒரு தலைமுறையின் சிதைவு அடுத்த தலைமுறைக்குத் தூய்மையாகிவிட்டது.

ஒயிட்டுக்கு மறுப்பு எழுதியவர் ஃபிட்ஸ்எட்வர்ட் ஹால். இவர் கதை தனியாக எழுதத் தக்கது. நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, 1846-இல் வீட்டைவிட்டு ஓடிய தம்பியைத் தேடிக் கல்கத்தாவுக்குக் கப்பலேறி, கங்கை முகத்துவாரத்தில் கப்பல் உடைந்து இந்தியாவில் தங்கியவர். சமஸ்கிருதம் பயின்று, காசி அரசு சமஸ்கிருதக் கல்லூரியில் பேராசிரியரானார். 1862-இல் இங்கிலாந்து சென்றார். பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டு அகராதிக்குப் பல ஆண்டுகள் ஊதியம் வாங்காமல் மேற்கோள் திரட்டித் தந்தார். 1873-இல் வந்த ‘மாடர்ன் இங்கிலீஷ்’ என்ற நூலின் பின்னிணைப்பில் ‘இஸ் பீயிங் பில்ட்’ வடிவத்துக்காக வாதாடினார். தருக்கத்துக்குத் தருக்கம் பேசுவதோடு அவர் நிற்கவில்லை. யார் யார், எப்போது, எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று சான்றுகளை அடுக்கினார். வழக்கை முதலில் பார், விதியைப் பிறகு சொல் என்ற அந்த முறையே சரி.

அரசு அலுவலகங்களுக்கு இவ்வடிவம் வாய்ப்பாக அமைந்தது. செய்பவர் பெயரைச் சொல்லாமலே வேலை நடப்பதாகக் காட்டலாம் அல்லவா? நம் ஊர் மனுக்களுக்கு வரும் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்ற பதில் இதன் தமிழ் நிழல்தான்.

பழைய வடிவம் முற்றிலும் அழிந்துவிடவில்லை. திரையரங்குச் சுவரொட்டியின் ‘நௌ ஷோயிங்’ அதன் எச்சம். கணினித் திரையில் ‘டாக்குமெண்ட் இஸ் பிரிண்டிங்’ என்று வரும் அறிவிப்பும் ஜான்சன் கண்டித்த அதே அமைப்புதான். வென்ற வடிவமும் எல்லா இடத்தையும் பிடித்துவிடவில்லை. ‘ஹேஸ் பீன் பீயிங் பில்ட்’ என்ற முற்றுத்தொடர் வடிவம் சில இலக்கண அட்டவணைகளில் இடம்பெறுகிறது. அன்றாட எழுத்தில் இன்றும் அரிதாகவே வருகிறது.