66 ஆண்டுகளுக்கு ஒரு பாகை

ஒரு மனிதனின் வாழ்நாளில் கண்ணுக்குப் புலப்படாத அசைவை அளப்பது எங்ஙனம்? தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் குறித்து, இடையே நேர்ந்த மாற்றத்தைக் கழிந்த காலத்தால் வகுக்க வேண்டும். கணித நூலார் இதனைச் சராசரி மாற்ற வீதம் என்பர். இவ்வெளிய வகுத்தலுக்கு நீண்ட வரலாறு உண்டு.

இளவேனிலில் இரவும் பகலும் சமமாகும் நாளன்று சூரியன் நிற்கும் புள்ளியிலிருந்து விண்மீன்களின் தூரத்தைப் பண்டையோர் அளந்தனர். அத்தூரம் மெல்ல மெல்லக் கூடிவருகிறது. அலெக்சாந்திரியாவின் தாலமி, தமக்கு ஏறத்தாழ 265 ஆண்டுகள் முந்திய ஹிப்பார்க்கஸின் அளவோடு தம் அளவை ஒப்பிட்டார். நாம் மகம் என்றும், அரபியர் ‘கல்புல் அஸத்’ (சிங்கத்தின் இதயம்) என்றும் வழங்கும் மீன் 2 பாகை 40 கலை நகர்ந்திருந்தது. ஆகவே, 100 ஆண்டுகளுக்கு ஒரு பாகை என்றார்.

புராத் நதிக்கரை ரக்கா நகரில் முஹம்மது இப்னு ஜாபிர் அல்பத்தானி கி.பி. 877 முதல் 918 வரை வானை ஆராய்ந்தார். 880ஆம் ஆண்டுக்கென அவர் வகுத்த அட்டவணையில், தாலமியின் 137ஆம் ஆண்டு அட்டவணையைவிட 11 பாகைக்குச் சற்று மேல் கூடியிருந்தது. இடைப்பட்டவை 743 ஆண்டுகள். 66 ஆண்டுகளுக்கு ஒரு பாகை என்பது அவர் முடிவு. கலீபா மஃமூன் காலத்து வானியலாரும் இவ்விடையையே கண்டிருந்தனர்.

வானத்தின் வேகமே மாறுகிறதென்று பின்வந்தோர் சிலர் மயங்கினர். விண்மீன்கள் முன்னும் பின்னும் ஊசலாடுவதாகக் கோட்பாடும் வகுத்தனர். உண்மையில் வேகம் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகையே. தாலமியின் அளவுகள் சுமார் ஒரு பாகை குறைந்திருந்தன. அக்குறை அவருக்கு முடிவு நிலையில் அமைந்தமையால் வேகம் குறைந்து தோன்றியது. அல்பத்தானிக்குத் தொடக்க நிலையில் அமைந்தமையால் கூடித் தோன்றியது. பிழை ஒன்றே! ஆயினும் 265 ஆண்டுகளில் பெரிதாய் நின்ற அது, 743 ஆண்டுகளில் பரவித் தேய்ந்தது.

நம் மேடைகளில் அல்பத்தானியைப் புகழ்வோர் இந்த 66ஐ மட்டும் சொல்லி 72ஐ விட்டுவிடுகின்றனர். அது அவருக்குச் செய்யும் மரியாதையன்று. முன்னோர் அளவை அவர் மதித்தார். ஆனால் அவர்தம் முடிவை அப்படியே ஏற்றாரில்லை. தம் அளவையும் ஆண்டு குறித்து எழுதிவைத்தார். அதனாலன்றோ அவரது பிழையையும் இன்று நாம் கணக்கிட்டுக் காண முடிகிறது!