பொருளிலிருந்து பிரிந்த விதி: சிறுவடிவ மேசையாட்டங்களும் தற்சார்பு வடிவமைப்பாளரின் உரிமையும் (1904–2019)

ஆய்வுச் சுருக்கம்

மேசையாட்டம் ஒன்றை விலைக்கு வாங்குவோர் பலகை, காய், பகடை, சீட்டு ஆகிய பொருள்களைப் பெறுகின்றனர். ஆட்டத்தை ஆட்டமாக்கும் விதிகளோ பதிப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் எவருடைய உடைமையும் அல்ல. இம்முரண், பெருநிறுவனத்தைச் சாராது தாமே ஆட்டம் வடிவமைத்து வெளியிடுவோரை எவ்வாறு பாதித்தது என்பதை அமெரிக்கா, ஜெர்மனி, சப்பான் ஆகிய நாடுகளின் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஆட்டத்தின் வடிவம் சுருங்குந்தோறும் வடிவமைப்பாளரின் பங்கு தெளிவாகப் புலப்படுகிறது. அவருக்குரிய சட்டப் பாதுகாப்போ குறைகிறது. இவ்விடைவெளியைப் பெயருரிமையும் நேரடி விற்பனையுமே பெரிதும் ஈடுசெய்தன என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மேசையாட்டம், சிறுவடிவ ஆட்டம், பதிப்புரிமை, காப்புரிமை, ஜேம்ஸ் எர்னஸ்ட், செய்ஜி கனாய்

முன்னுரை

நூலாசிரியருக்கும் ஆட்ட வடிவமைப்பாளருக்கும் சட்ட நிலையில் அடிப்படை வேறுபாடு உண்டு. நூலின் சொற்கள் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. ஆட்ட விதிகளை எழுதிய சொற்களும் படங்களும் அவ்வாறே காக்கப்படும். அவ்விதிகள் உணர்த்தும் ஆடுமுறை காக்கப்படுவதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1879-இல் பேக்கர் எதிர் செல்டன் வழக்கில், கணக்குப் பதிவு முறை ஒன்றை விளக்கும் நூலுக்குரிய பதிப்புரிமை அம்முறைக்கு நீளாது எனத் தீர்ப்பளித்தது. 1976-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டமும் செய்முறை, இயங்குமுறை ஆகியவற்றைப் பாதுகாப்பிலிருந்து விலக்கியது. எனவே பிறர் விதிகளைத் தம் சொற்களில் எழுதி, வேறு படங்களுடன் வெளியிட இடமுண்டு. காப்புரிமை பெறும் வழி இருப்பினும் அது செலவு மிக்கது. கால வரம்புக்கும் உட்பட்டது. இச்சூழலில் தனிப்பட்ட வடிவமைப்பாளர் தம் ஆக்கத்தின் மீது எதை உரிமை கொண்டாட இயலும் என்பதே ஆராயத்தக்க வினா.

1. காப்புரிமையும் மறைந்த பெயரும்

இவ்வினாவுக்குக் காப்புரிமையின் வழியே விடைகாண முயன்றவர் எலிசபெத் மேகி. சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றிய இவர், நிலத்தின் மதிப்பின் மீது மட்டுமே வரி விதிக்கப்பட வேண்டும் என்ற ஹென்றி ஜார்ஜின் கொள்கையை விளக்க ‘நிலக்கிழார் ஆட்டம்’ என்னும் பலகையாட்டத்தை உருவாக்கினார். 1904 சனவரி 5-இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. அக்காலக் காப்புரிமையின் ஆயுள் பதினேழு ஆண்டுகள். அவ்வாட்டமோ கடைகளைக் காட்டிலும் கைகளின் வழியாகவே மிகுதியாகப் பரவியது. ஆடியோர் தாமே பலகை வரைந்தனர், தம் ஊர்த் தெருக்களின் பெயர்களை அதில் எழுதினர், விதிகளையும் மாற்றினர். பரவப் பரவ ஆக்கியோரின் பெயர் உதிர்ந்தது.

மேகி 1924-இல் திருத்திய வடிவத்திற்கு இரண்டாம் காப்புரிமை பெற்றார். 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம், அட்லாண்டிக் சிட்டித் தெருப்பெயர்களைத் தாங்கிய வடிவத்தைச் சார்லஸ் டாரோவிடமிருந்து வாங்கி ‘மோனோபோலி’ என வெளியிட்டது. மேகியின் காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கிய அந்நிறுவனம், விற்பனையில் அவருக்குப் பங்கு தரவில்லை. பல்லாண்டுகள் டாரோவே தனிப் படைப்பாளியாகக் கொண்டாடப்பட்டார். 1970-களில் பொருளியல் பேராசிரியர் ரால்ஃப் ஆன்ஸ்பாக் நடத்திய வழக்கு மேகியின் பங்கினை மீண்டும் வெளிக்கொணர்ந்தது. பொருளுக்கு விலை கிடைத்தாலும் பெயர் காக்கப்படவில்லை என்பதே இந்நிகழ்வு தரும் படிப்பினை.

2. பையில் வந்த சிற்றாட்டம்

சிறிய அளவையே வணிக உத்தியாகக் கொண்ட தொடர் முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரிலிருந்து மெட்டாகேமிங் நிறுவனம் வெளியிட்ட ‘மைக்ரோகேம்’ வரிசை. 1977-இல் வந்த அதன் முதல் ஆட்டமான ‘ஓகர்’ 2.95 டாலருக்கு விற்கப்பட்டது. போர் உருவகிப்பு ஆட்டங்கள் பெரும் பெட்டிகளில் வந்த காலத்தில் இது ஒரு சிறு கையேடு, மடித்த வரைபடம், அட்டைக் காய்கள் என்ற அளவில் நின்றது. ஒருபுறம் முழுப் படை. மறுபுறம் ஒரேயொரு மாபெரும் தானியங்கிப் பீரங்கி வண்டி. சமனற்ற இவ்வமைப்பே அதன் புதுமை.

அதனை வடிவமைத்த ஸ்டீவ் ஜாக்சன் 1980-இல் விலகித் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். ‘ஓகர்’ அவர் வசமாயிற்று. ஆனால் அவர் இயற்றிய ‘ஃபேன்டசி ட்ரிப்’ வரிசை மெட்டாகேமிங்கிடமே தங்கியது. 1983-இல் மெட்டாகேமிங் மூடப்பட்ட பின்னும் அதன் உரிமை 2017 வரை அவரிடம் திரும்பவில்லை. விலை குறைந்த சிற்றாட்டமாயினும் உரிமை கைமாறிவிட்டால் அதனை மீட்க ஒரு தலைமுறைக் காலம் தேவைப்படலாம் என்பதற்கு இது சான்றாகும்.

3. பெட்டியின் மேல் பெயர்

ஜெர்மனியில் இச்சிக்கல் கூட்டு முயற்சியாக அணுகப்பட்டது. கோட்டிங்கன் நகரைச் சேர்ந்த புவியியலாளர் ரைன்ஹோல்ட் விட்டிக், 1970-களில் ‘எடிசியோன் பெர்ல்ஹூன்’ என்னும் தம் சொந்த வெளியீட்டகத்தின் வழி ஆட்டங்களைத் தாமே தயாரித்து விற்றார். வழக்கமான பெட்டிக்கு மாறாக, அட்டைக் குழாயினுள் சுருட்டி வைத்த ஆட்டங்கள் அவருடைய தனி அடையாளம். வடிவமைப்பாளர்கள் ஆண்டுதோறும் கூடும் கோட்டிங்கன் சந்திப்புக்கும் அவரே வித்திட்டார்.

1988-இல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியின்போது விட்டிக் உள்ளிட்ட வடிவமைப்பாளர்கள், பெட்டியின் மேல் தம் பெயரை அச்சிடாத பதிப்பாளருக்கு ஆட்டம் தருவதில்லை என உறுதி பூண்டு, பீர்க் கோப்பையின் அடியட்டை ஒன்றில் கையொப்பமிட்டனர். 1991-இல் வடிவமைப்பாளர்களுக்கெனத் தனிச் சங்கமும் அமைந்தது. சட்டம் தராத உரிமையை ஒப்பந்த வழக்கமாக நிலைநாட்டியது இம்முயற்சியின் சிறப்பு. மேகியின் ஆட்டத்தில் உதிர்ந்துபோன பெயர், இங்குப் பேரத்தின் முதல் நிபந்தனையாக உயர்ந்தது. பதிப்பாளருக்கும் இதில் பயன் இருந்தது. வாங்குவோர் ஆசிரியர் பெயரை நாடி ஆட்டம் தேடத் தொடங்கினர்.

4. உறைக்குள் அடங்கிய ஆட்டம்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜேம்ஸ் எர்னஸ்ட் 1996-இல் நிறுவிய ‘சீப்பாஸ் கேம்ஸ்’ இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். மலிவைக் கொச்சையாகச் சுட்டும் அப்பெயரே அதன் கொள்கை விளக்கம். பகடை, காய், விளையாட்டுப் பணம் ஆகியவை பெரும்பாலான வீடுகளில் முன்பே உள்ளன. ஒவ்வோர் ஆட்டத்துடனும் அவற்றை மீண்டும் விற்பது வாங்குவோருக்கு வீண்செலவு என எர்னஸ்ட் வாதிட்டார். எனவே அந்த ஆட்டத்திற்கே உரிய சீட்டுகள், பலகைத் தாள்கள், விதித்தாள் ஆகியன மட்டும் கறுப்பு வெள்ளையில் அச்சிடப்பட்டு வெள்ளை உறையில் இட்டு விற்கப்பட்டன. எஞ்சியவை ஆடுவோர் பொறுப்பு.

அருகிலேயே இயங்கிய விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்துடன் ஒப்பிடுகையில் இதன் பொருள் தெளிவாகும். 1993-இல் ‘மேஜிக்’ சீட்டாட்டத்தை வெளியிட்ட அந்நிறுவனத்திற்கு, சேகரித்தாடும் சீட்டாட்ட முறைக்கான காப்புரிமை 1997-இல் கிடைத்தது. அங்கே வாங்கும் பொருள் பெருகப் பெருக ஆட்டம் விரிந்தது. எர்னஸ்ட் அதற்கு நேர்மாறாகப் பொருளை இயன்றவரை நீக்கினார். பொருள் நீங்கியபின் வாங்குவோரை ஈர்ப்பதற்கு எஞ்சியது கருத்து ஒன்றே. அவருடைய ஆட்டங்களின் விசித்திரப் போக்கினை இத்தேவையோடு இணைத்துக் காண்பது பொருந்தும்.

‘கில் டாக்டர் லக்கி’ (1996) இதற்குத் தக்க சான்று. மாளிகைக் கொலையைத் துப்பறியும் பழைய ஆட்ட மரபினை அது தலைகீழாக்கியது. இங்கு எல்லாரும் கொலை செய்ய முயல்வோரே. எவர் கண்ணிலும் படாத இடத்தில் டாக்டர் லக்கியுடன் தனித்திருக்க வேண்டும். ஒருவர் முயலும்போது மற்றவர் சீட்டு இறக்கி அம்முயற்சியைத் தோல்வியுறச் செய்கின்றனர். தடுக்கும் சீட்டுகள் குறையக் குறைய முதியவரின் நற்பேறும் தேய்கிறது. தடுப்பதற்கு யார் செலவிடுவது என்ற இழுபறியே ஆட்டத்தின் உயிர். நகைச்சுவையும் விதியும் இங்குப் பிரிக்க இயலாதவை. ‘ஃபாலிங்’ (1998) ஆட்டத்தில் அனைவரும் வானிலிருந்து விழுகின்றனர். தரையைக் கடைசியாகத் தொடுபவரே வெற்றியாளர். முறை வைத்து ஆடும் வழக்கமும் அதில் இல்லை. ‘பட்டன் மென்’ (1999) சட்டையில் குத்தும் வட்ட வில்லையையே ஆட்டக் கருவியாக்கியது. எவ்வகைப் பகடைகளைக் கொண்டு மோதலாம் என்பதை வில்லையே கூறும். அணிந்திருப்பவரைக் கண்டு அறைகூவல் விடலாம்.

எனினும் இம்முறைக்கு ஓர் எல்லை இருந்தது. விலை குறையும்போது ஒவ்வோர் உறையிலும் வடிவமைப்பாளருக்கும் கடைக்காரருக்கும் கிடைக்கும் தொகையும் குறைகிறது. கடை அடுக்கில் உறையும் பெட்டியும் கொள்ளும் இடமோ பெரிதும் வேறுபடுவதில்லை. ‘கில் டாக்டர் லக்கி’ 2006-இல் பைசோ நிறுவனத்தின் வழியே வண்ணப் படங்களும் காய்களும் கொண்ட பெட்டியாக வெளிவந்தது. எதனை நீக்கி அவ்வாட்டம் புகழ்பெற்றதோ அதனையே மீண்டும் சேர்த்து அது விற்கப்பட்டது. 2019-இல் சீப்பாஸ் வெளியீடுகள் கிரேட்டர் தேன் கேம்ஸ் நிறுவனத்தின் வசமாயின.

5. பதினாறு சீட்டுகள்

சப்பானில் 2000-இல் தொடங்கிய டோக்கியோ ‘கேம் மார்க்கெட்’ சந்தை, கடைக்காரர் என்னும் இடைநிலையைத் தவிர்க்க வழிசெய்தது. சிற்றிதழ் வெளியிடுவோர் போலவே ஆட்டம் வடிவமைப்போரும் தாமே அச்சிட்டு, மேசையிட்டு, ஆடுவோரிடம் நேரில் விற்றனர். கையில் சுமந்து வந்து விற்கத்தக்க அளவே அங்கு வசதியானது.

இச்சூழலில் செய்ஜி கனாய் 2012-இல் வெளியிட்ட ‘லவ் லெட்டர்’ பதினாறே சீட்டுகளைக் கொண்டது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு. தம் முறையில் மற்றொன்றை எடுத்து, இரண்டில் ஒன்றை இறக்க வேண்டும். பதினாறில் ஐந்து காவலர் சீட்டுகள்; இளவரசி ஒன்றே. தொடக்கத்தில் ஒரு சீட்டு மறைத்து விலக்கப்படுவதால் எண்ணிக் கணிப்போருக்கும் ஐயம் எஞ்சுகிறது. எண்ணிக்கை சிறிதாதலால் இறக்கப்படும் ஒவ்வொரு சீட்டும் பிறர் கையைப் பற்றிய செய்தியாகிறது. ஆகவே இச்சிறுமை செலவுக் குறைப்பின் விளைவு மட்டுமன்று. ஊகத்திற்கு இடந்தரும் கட்டமைப்பும் அதுவே. அதே ஆண்டில் ஆங்கிலப் பதிப்பு துணிப்பையில் வெளியாகி உலகெங்கும் பரவியது. 2019-ஆம் ஆண்டுப் பதிப்பில் சீட்டுகள் 21 ஆயின.

இதன்பின் சிறுமை தனி ஆட்ட வகையாகவே வளர்ந்தது. அமெரிக்காவின் பட்டன் ஷை நிறுவனம் 18 சீட்டுகளைப் பணப்பை போன்ற உறையில் இட்டு விற்கிறது. அச்சுத் தாளில் 54 சீட்டுகள் அடங்கும் வழக்கத்தில் அவ்வெண் மூன்றில் ஒரு பங்கு. அதன் ‘ஸ்ப்ராலோபோலிஸ்’ (2018) ஆட்டத்தில் ஒவ்வொரு சீட்டின் ஒருபுறம் நகரப் பகுதி. மறுபுறம் மதிப்பெண் விதி. பதினெட்டில் மூன்றை விதிகளாகத் தெரிவு செய்ய 816 வழிகள் உள்ளன. சில சீட்டுகளிலிருந்து இத்துணை வேறுபாடு விளைவது வடிவமைப்பாளரின் உழைப்பேயன்றிப் பொருளின் அளவன்று.

முடிவுரை

மேகியின் காப்புரிமை அவர் பெயரைக் காக்கவில்லை. ஜெர்மானியர் பெயரை ஒப்பந்தத்தில் இடம்பெறச் செய்தனர். எர்னஸ்ட் விதியையும் பொருளையும் பிரித்துக் காட்டி, விலைக்குரியது கருத்தே என நிறுவ முயன்றார். வணிக அமைப்பு அவரை மீண்டும் பெட்டிக்குள் கொணர்ந்தது. கனாய் போன்றோருக்கு நேரடிச் சந்தை அப்பிரிவைத் தாங்கும் தளமாக அமைந்தது. பதினாறு சீட்டு ஆட்டம் ஒன்றைப் படியெடுப்பது எளிது. அதனைத் தடுக்கும் சட்டம் இன்றும் வலுவற்றது. ஆடுவோர் வடிவமைப்பாளரைப் பெயர் சொல்லி அறிந்திருப்பதும், அவரிடமிருந்தே வாங்க விழைவதும் அச்சட்டக் குறைவை ஓரளவு ஈடுசெய்கின்றன. ஆட்டங்களைப் பொருட்பண்பாட்டின் பகுதியாக ஆவணப்படுத்துவோர், பலகையையும் காயையும் பதிவு செய்வதோடு விதியை இயற்றியோரின் பெயரையும் பதிவு செய்தல் வேண்டும். சிறுவடிவ ஆட்டங்களைப் பொறுத்தவரை, பொருள் மிகச் சிலவாதலால், அப்பெயர் விடுபட்டால் வரலாற்றின் பெரும்பகுதியே விடுபடும்.