எட்டாயிரம் ரூபாய் போட்டோ ஷூட்டும் உக்கடத்து மீன்கார அக்காவும்

பொட்டி தட்டுறவனுக்கு ஃபேஷன் போட்டோ ஷூட்ல என்னடா வேலைன்னு கேக்கறீங்களா? நியாயமான கேள்விதான். கூடப் படிச்ச தோழி ஒருத்தி வேலையை விட்டுட்டு, நெகமம் காட்டன் சேலைத் துணியில குர்தா, சட்டை, கவுன்னு தைச்சு விக்க ஆரம்பிச்சிருக்கா. 2023ல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து நெகமம்தான். முதல் பன்னெண்டு டிசைனுக்குப் படம் வேணும். கையில இருக்கறது 8,000 ரூபாய். ஸ்டுடியோ வாடகை விசாரிச்சதுமே தலை சுத்திருச்சு. "வெளியில எடுப்போம், சூரியன் ஓசிதானே"ன்னு முடிவாச்சு.

டீம் ரொம்பப் பெருசு :) கேமராவுக்கு ஒரு நண்பன், மேக்கப்புக்கு ஒரு தோழி, மாடல் அவளோட சித்தி பொண்ணு, எக்செல் ஷீட்டுக்கு நான்.

போன ஞாயித்துக்கிழமை காலைல ஆறேகாலுக்கு உக்கடம் பெரியகுளத்துக்கு இடம் பார்க்கப் போனோம். கிழக்குக் கரையில நின்னா எதிர்ல தண்ணி, அதுக்கு அந்தப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. காலை வெயில் நம்ம முதுகுக்குப் பின்னாடியிருந்து மாடல் முகத்துல நேரா விழும். ஒன்பது மணிக்கு மேல வெயில் உச்சிக்கு ஏறி கண்ணுக்குக் கீழ கருப்பா நிழல் கட்டிரும். ஆக, கையில இருக்கறது ரெண்டரை மணி நேரம். பன்னெண்டு டிரெஸ். ஒரு டிரெஸ்ஸுக்குப் பன்னெண்டு நிமிஷம். ரிஃப்ளெக்டருக்கு தெர்மாகோல் அட்டை, வெயிலை மட்டுப்படுத்த தாத்தாவோட வெள்ளை வேட்டி. கணக்கெல்லாம் கச்சிதம்.

திரும்பி வரும்போது மீன் மார்க்கெட் பக்கம் கேமராமேன் நின்னுட்டான். ஈரத் தரை, மீன் கூடை, பின்னாடி 2024ல் திறந்த மேம்பாலம். "மச்சி, இதான்டா லொகேஷன். இந்த அழுக்குக்கு நடுவுல நம்ம டிரெஸ்ஸு... கான்ட்ராஸ்ட் செமையா இருக்கும்"னு சொல்லிக்கிட்டே அங்க உக்காந்திருந்த ஒரு அக்காவை டக்குனு ஒரு டெஸ்ட் ஷாட் எடுத்துட்டான். அவங்க நிமிர்ந்து பார்த்தாங்க. கோபமெல்லாம் இல்ல.

"ஏங்கண்ணு, என்ற மூஞ்சி எதுக்குங்? துணி விக்கறதுக்கா, மீன் விக்கறதுக்கா?"

யார்கிட்டயும் பதில் இல்ல. அசடு வழிய சிரிச்சுட்டு வந்துட்டோம்.

ராத்திரி தூக்கம் வரல. ஆபீஸ்ல பக் வந்தா லாக் ஃபைலைத் தோண்டுவோமே, அந்த மாதிரி, இந்த வெளிப்புற ஃபேஷன் படம் எங்கிருந்து ஆரம்பிச்சுதுன்னு தோண்டினேன்.

முதல்ல எங்க வீட்டு கொசுவத்தி. தாத்தா பாட்டி கல்யாணப் படத்துல பின்னாடி மலையும் குளமும் இருக்கும். எல்லாம் திரைச்சீலையில வரைஞ்சது! நிஜ மலையும் நிஜ குளமும் இருக்கற ஊர்ல எதுக்கு வரைஞ்ச மலை? பழைய காலத்துக் கண்ணாடித் தட்டுக்கு ஆள் அசையாம நிக்கணும், வெளிச்சம் நம்ம கட்டுப்பாட்டுல இருக்கணும். அதனால ஸ்டுடியோ, அதனால திரைச்சீலை. தட்டு போய் ஃபிலிம் வந்தப்புறமும் அந்தப் பழக்கம் மட்டும் போகல. சினிமாவும் அப்படித்தான். கோவையிலயே 1930கள்ல் சென்ட்ரல் ஸ்டுடியோஸ், 1945ல் ஸ்ரீராமுலு நாயுடுவோட பட்சிராஜா ஸ்டுடியோஸ்னு இருந்துச்சு. 1954ல் வந்த மலைக்கள்ளன் பட்சிராஜா தயாரிப்புதான். 1977ல் பாரதிராஜா, 16 வயதினிலே படத்துக்கு ஸ்டுடியோவுல செட் போடாம நிஜ கிராமத்துக்கே கேமராவைத் தூக்கிட்டுப் போனார். அப்புறம் கிராமத்துப் படம்னாலே கிராமத்துக்குத்தான் போகணும்னு ஆயிருச்சு.

ஃபேஷன் படக்காரங்க இதுக்கு முன்னாடியே வெளியில வந்துட்டாங்க. பாரிஸ்ல சீபெர்கர் சகோதரர்கள் 1909லிருந்தே குதிரைப் பந்தய மைதானத்துல சீமாட்டிகளைப் படம் எடுத்தாங்க. இது தெரிஞ்ச தையல் கம்பெனிகள் புது உடுப்பை மாட்டிவிட்டு மாடல்களை அங்க அனுப்ப ஆரம்பிச்சுதாம். செட் இல்ல, பந்தயமே செட்!

ஆனா அதுல எல்லாரும் நின்னுக்கிட்டு இருப்பாங்க. ஓட வெச்சவர் மார்ட்டின் முன்காச்சி. ஹங்கேரிக்காரர், விளையாட்டுப் போட்டிகளைப் படம் எடுத்தவர். 1933 நவம்பர்ல, நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்ட் கடற்கரையில, ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகைக்காக நீச்சல் உடை ஷூட். கடுங்குளிர். இவருக்கு இங்கிலீஷ் தெரியாது. லூசில் பிரோக்காவை கேமராவை நோக்கி ஓடி வான்னு கையைக் காலை ஆட்டிப் புரிய வெச்சார். டிசம்பர் இதழ்ல அந்தப் படம் வந்தது. பொம்மை மாதிரி நின்ன ஃபேஷனுக்கு உசிரு வந்துச்சு.

அடுத்து 1941 லண்டன். ஜெர்மன் குண்டு விழுந்து ஊரே இடிஞ்சு கிடக்கு. ஜூன் மாசத்துலிருந்து துணிக்கும் ரேஷன். செசில் பீட்டன், கோட்டு சூட்டுல ஒரு மாடலை மிடில் டெம்பிள் இடிபாட்டுக்கு நடுவுல திரும்பி நிக்கவெச்சு வோக் பத்திரிகைக்கு எடுத்தார். இந்தப் படத்தைப் பார்த்துட்டு கொஞ்ச நேரம் அடுத்ததுக்குப் போகவே முடியல. கான்ட்ராஸ்ட்தான், ஆனா அந்த இடிபாடு அவங்க ஊர், அவங்க வலி.

1956ல் அதே பிரிட்டிஷ் வோக் இந்தியா வந்துச்சு. நார்மன் பார்கின்சன் கேமரா. ஜெய்ப்பூர் அரண்மனையில ஆன் கன்னிங் ரோஸ் கலர் கம்பளிக் கோட்டு போட்டு யானை பக்கத்துல நிக்கறாங்க. (ஜெய்ப்பூர் வெயில்ல கம்பளி!) அழகான படம், பொய் சொல்லக் கூடாது. கோட்டு எந்தக் கம்பெனின்னு கூட இன்னிக்கும் எழுதறாங்க. ஊர் மட்டும் அங்க திரைச்சீலை ஆயிருச்சு. எங்க தாத்தா பின்னாடி தொங்கின அதே சீலை.

இதோட உச்சகட்டம் 2008 ஆகஸ்ட். வோக் இந்தியா இதழ்ல ஏழை ஜனங்களை வெச்சே ஷூட். பல்லு போன பாட்டி இடுப்புல இருக்கற குழந்தைக்கு ஃபெண்டி எச்சில் துணி, விலை சுமார் 100 டாலர். செருப்பில்லாத பெரியவர் கையில 200 டாலர் பர்பெரி குடை. படத்துக்குக் கீழ குடை யாரோடதுன்னு போட்டாங்க. பிடிச்சிருக்கறவர் பேர் போடல. ஒரு ஆண், ஒரு பெண், அவ்வளவுதான். நம்ம பத்திரிகையாளர்களே காய்ச்சி எடுத்தாங்க, அமெரிக்கப் பேப்பர் வரைக்கும் போச்சு.

ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தக் குடைக்காரரைப் பத்திப் படிச்சப்பதான் மண்டையில உறைச்சுது. மீன்கார அக்கா கேட்டது இதைத்தானே! காசு இல்லாம வெளியில வர்றது தப்பே இல்ல. சீபெர்கர் சகோதரர்களும் செட் போடலையே. ஆனா ஓசியில கிடைச்சது சூரியன் மட்டும்தான். அக்காவையும் ஓசியில சேர்த்தது நாங்க. பெரியகுளமும் ஓசி இல்ல. நொய்யல் தண்ணிக்காக எந்தக் காலத்துலயோ வெட்டின குளம். 2013ல் தன்னார்வலர்கள் மண்வெட்டியோட இறங்கித் தூர்வாரின குளம். அங்க ட்ரைபாட் வைக்கணும்னா முறையா மாநகராட்சிகிட்ட கேக்கணும்னு கூட எங்களுக்குத் தோணல.

காலைல டீமுக்குப் படிச்சதெல்லாம் சொன்னேன். கேமராமேன் "ஒரு படத்துக்கு இவ்ளோ யோசிச்சா ஷட்டரையே அமுக்க முடியாது மச்சி"ன்னான். தோழி மட்டும், "நெசவு செஞ்சவங்க பேரை டேக்ல போடணும்னு நானே சொல்லிட்டுத் திரியறேன், இதுல எப்படி விட்டேன்?"னா. அவனே டெஸ்ட் ஷாட்டைப் பிரிண்ட் போட்டுட்டு வந்தான்.

எக்செல் ஷீட்டை மாத்தினேன். லென்ஸ் வாடகை 1,500. மேக்கப் சாமான் 1,200. மாடலுக்கு 2,000. ஆட்டோ, இட்லி, காபி 900. மாநகராட்சி கட்டணத்துக்கு 1,000. புதுசா ஒரு வரி: உடன் நிக்கறவங்களுக்குச் சம்பளம், பிரிண்ட், படத்துக்குக் கீழ பேர், 1,400. கூட்டினா சரியா 8,000.

நேத்து நாங்க நாலு பேரும் பிரிண்ட்டோட போய் மன்னிப்புக் கேட்டோம். விவரம் சொன்னோம். வேண்டாம்னா வேண்டாம், பரவால்லைன்னோம். அக்கா படத்தை ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இதுல தலை கூட வாரல பாருங்"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் தோழி கையில இருந்த துணியைத் தடவிப் பார்த்து, "நெகமமா?"ன்னாங்க.

"வர்றேன் கண்ணு. ஆனா இந்த மீன் கூடையோட நிக்கமாட்டேன். ஞாயித்துக்கிழமை என்ற மகளோட வளைகாப்புக்கு எடுத்த சேலைய கட்டிட்டு வர்றேன். குளத்துக்கிட்ட வெச்சு எடுங்க."

கான்ட்ராஸ்ட் போச்சேன்னு கேமராமேன் மூஞ்சி லேசா சுருங்குச்சு. பன்னெண்டு டிரெஸ் இப்போ பதிமூணு. ஒண்ணுக்குப் பதினொண்ணரை நிமிஷம்.