பழுதுபட்ட உயிரணு நிற்பது ஏன்?

ஊடுகதிர் பட்ட உயிரணு உடனே இரண்டாகப் பிரிவதில்லை. சிறிது நேரம் நின்றுவிடுகிறது. விஞ்ஞானிகள் இதைப் பல பத்தாண்டுகளாகவே அறிந்திருந்தனர். அடிபட்டவன் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடுவதைப் போல, காயத்தால்தான் உயிரணுவும் முடங்குகிறது என்ற எண்ணமே பரவலாக இருந்தது. அந்த எண்ணத்தை மாற்றியது, ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும்.

அமெரிக்காவின் சியாட்டல் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லீலண்ட் ஹார்ட்வெல் 1960களின் இறுதியிலிருந்து ஈஸ்டை ஆராய்ந்து வந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த டெட் வைனர்ட், ஊடுகதிரைத் தாங்காமல் மடியும் ஈஸ்ட் வகைகளை நுண்நோக்கியில் கவனித்தார். சாதாரண ஈஸ்ட், கதிர் பட்டதும் பிரிவதை நிறுத்தி, அறுந்த டி.என்.ஏ. இழையை ஒட்டிய பிறகே பிரிந்தது. ராட்9 என்ற மரபணு கெட்டுப்போன ஈஸ்டோ நிற்கவே இல்லை. அறுந்த இழையோடு பிரிந்து, சில தலைமுறைகளில் மடிந்தது. காயம்தான் முடக்குகிறது என்றால், இதுவும் முடங்கியிருக்க வேண்டும் அல்லவா?

அடுத்து அவர்கள் செய்த சோதனைதான் அழகானது. இந்த ஈஸ்டுக்குப் பழுதுபார்க்கத் தெரியவில்லையா, நிற்கத் தெரியவில்லையா? ஒரு மருந்தைக் கொடுத்து, பிரியவிடாமல் சில மணி நேரம் வலிய நிறுத்திவைத்தனர். பிறகு மருந்தை நீக்கினர். மடிய வேண்டியவற்றில் பல பிழைத்துக்கொண்டன! பழுதுபார்க்கும் கருவிகள் எல்லாம் கையில் இருந்தன; அவகாசம்தான் இல்லை. 'நில்' என்று சொல்ல வேண்டிய மரபணு கெட்டிருந்தது.

1988இல் இந்த முடிவு 'சயன்ஸ்' இதழில் வெளியானது. மறு ஆண்டு இருவரும் எழுதிய கட்டுரையில், இந்த ஏற்பாட்டைச் 'சோதனைச்சாவடி' என்று விரித்துரைத்தனர். உட்லண்ட்ஸிலும் ஜொகூர் பாருவிலும் வரிசையில் காத்திருப்பவர்களுக்கு அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. வண்டி பழுதாகி நிற்கவில்லை. ஆவணம் பார்க்கப்படுவதால் நிற்கிறது.

ஈஸ்டுக்கு நேர்ந்தது மனிதருக்கு நேர்ந்தால்? முன்பே நேர்ந்திருந்தது. அடாக்சியா டெலாஞ்சியெக்டேசியா என்பது அரிய பரம்பரை நோய். அந்நோய் உள்ள குழந்தைக்கு நடை தள்ளாடும். கண்ணின் வெண்பகுதியில் சிவந்த இரத்தக் குழாய்கள் படரும். புற்றுநோயும் எளிதில் பற்றும். 1960களின் பிற்பகுதியில், அத்தகைய பிள்ளைகளின் புற்றுநோய்க்கு வழக்கமான அளவில் கதிர்வீச்சுச் சிகிச்சை அளித்தபோது, அந்தச் சிகிச்சையே உயிரைப் பறித்த சம்பவங்கள் பதிவாயின. அவர்களின் உயிரணுக்கள் கதிர் பட்ட பிறகும் டி.என்.ஏ.வைப் படியெடுப்பதைக் குறைக்கவில்லை என்று 1980இல் ஓர் ஆய்வு காட்டியது. அதன் முழுப் பொருள், ஈஸ்ட் கதை தெரிந்த பின்னரே விளங்கியது.

1995இல் இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோசெஃப் ஷிலோவின் குழு, நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தது. அதன் பெயர் ஏ.டி.எம். (பணம் எடுக்கும் இயந்திரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) அந்த மரபணு உருவாக்கும் புரதம் இரண்டிரண்டாகப் பிணைந்து உறங்கிக் கிடக்கிறது என்றும், டி.என்.ஏ. இழை அறுந்தால் சில நிமிடங்களில் பிணைப்பை விட்டு விழித்துக்கொள்கிறது என்றும் 2003இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பேக்கனிஸ்ட், காஸ்டன் இருவரும் காட்டினர். விழித்ததும் அது மற்றப் புரதங்களின்மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அதுவே அபாயச் செய்தி. செய்தி கைமாறிக் கைமாறி பி53 என்ற புரதத்தை எட்டுகிறது. பி53, பி21 என்னும் இன்னொரு புரதத்தை உருவாக்கச் செய்து, பிரிவை நிறுத்துகிறது. பழுது மீறிப்போனால் உயிரணுவையே சாகச் செய்கிறது.

பி53ஐ 1979இல் கண்டறிந்தவர்களில் ஒருவரான டேவிட் லேன், 2004இல் சிங்கப்பூர் வந்து மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகத்துக்குத் தலைமை ஏற்றவர். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இந்தப் புரதத்தின் மரபணு கெட்டிருக்கிறது.

ஹார்ட்வெலுக்கு 2001இல் பால் நர்ஸ், டிம் ஹன்ட் ஆகியோருடன் நோபல் பரிசு கிடைத்தது. ஏ.டி.எம். கோளாறு உறுதியான குழந்தைக்குப் புற்றுநோய் வந்தால், மருத்துவர்கள் இன்று கதிர்வீச்சைக் கூடியவரை தவிர்க்கின்றனர். புற்றுநோய் மருந்துகளின் அளவையும் பார்த்துப் பார்த்துத் தருகின்றனர். அந்தப் பரம்பரை நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை.