கட்டுதலும் விடுதலும்: பனிச்சறுக்குப் பிணைப்பின் வரலாறு



கினிகத்தேனை என்னும் சிங்களப் பெயருக்கு நெருப்புப் பிடித்த சேனை என்பது பொருள். பெயரில் நெருப்பு இருப்பினும், அவ்வூரார் நன்கறிந்தது மழையே. தென்மேற்குப் பருவக்காற்றை நேரே எதிர்கொள்ளும் அக்கணவாயைக் கடந்து, வட்டவளை, அட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறினால், தை மாசி மாதங்களின் சில விடியற்காலைகளில் புல்லின் மீதும் தேயிலைத் தளிரின் மீதும் உறைபனி வெண்மையாய்ப் படிந்திருக்கக் காணலாம். வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். காலிற் பலகை கட்டிச் சறுக்கும் அளவுக்கு நம் மலைகளிற் பனி பெய்வதில்லை.

அங்ஙனமாயின், சறுக்குப் பலகையைக் காலோடு சேர்க்கும் பிணைப்பைப் பற்றி நாம் ஏன் பேசவேண்டும்? காரணம் உண்டு. 1956ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தவரான அந்தோனி இராசேந்திரம் நோர்வே நாட்டுக்குச் சென்றார். அவரைப் பின்பற்றி மாணவர் சிலர் சென்றனர். 1983ஆம் ஆண்டின் கொடுமைகளுக்குப் பின்னர் நம்மவர் ஆயிரக்கணக்கில் நோர்வேயிலும் சுவிற்சலாந்திலும் கனடாவிலும் குடியேறினர். அங்கே பிறந்த பிள்ளைகள் பனிச்சறுக்கைப் பாடசாலை நாளிலேயே பழகுகின்றனர். பிள்ளையைப் பார்க்கச் செல்லும் பெற்றோரும் ஒரு நாள் அப்பலகைகளின் மேல் ஏறிப் பார்க்க விரும்புவர். அன்று அவர்களுடைய கால் எலும்பைக் காப்பது பலகையின் விலையன்று. அதன் மேலுள்ள சிறு பிணைப்பே.

பிணைப்பின் கடமைகள் இரண்டு. சறுக்கும்போது காலைப் பலகையோடு உறுதியாய்ப் பற்றவேண்டும். விழும்போது உடனே விட்டுவிடவேண்டும். இதனை விளங்கிக்கொள்ள நம் கொழுந்துக் கூடையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கயிறு தலையில் மாட்டப்படுகிறதேயன்றி உடலோடு முடிச்சிட்டுக் கட்டப்படுவதில்லை. செங்குத்தான மலையிற் கால் இடறினால் கூடை ஒரு பக்கம் விழும், ஆள் தப்பித்துக்கொள்ளலாம். இந்த எளிய நியாயம் பனிநாட்டாரின் பிணைப்பிலே வந்து சேர்வதற்கு நெடுங்காலம் சென்றது.

நோர்வேயின் டிகெர்வார்டன் மலையில், உருகிவந்த பனிக்கட்டியினின்று 2014ஆம் ஆண்டில் பழைய சறுக்குப் பலகை ஒன்று வெளிப்பட்டது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2021இல், அதன் இணையும் அருகிலேயே கிடைத்தது. ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முற்பட்ட அப்பலகையின் நீளம் 187 சென்டிமீற்றர். மரநாரை முறுக்கிய வளையமும் தோல்வாரும் அதில் இன்னும் இருந்தன. பாதத்தின் முன்பகுதியைப் பற்றும் கட்டு அது. இத்தகைய கட்டுடன் சமவெளியில் நடக்கலாம். சரிவில் வேகமாய் இறங்கித் திரும்புதல் அரிது.

அவ்வரிய செயலை எளிதாக்கியவர் நோர்வேயின் தெலமார்க் மாநிலத்தவரான சொண்ட்ரே நூர்ஹைம். 1825இல் மோர்கெடால் என்னும் ஊரிற் பிறந்த அவர், முறுக்கிய மரக்கொம்புகளால் குதிகாலையும் சுற்றிக் கட்டினார். அதனாற் பலகை காலின் குறிப்பை அறிந்து திரும்பலாயிற்று. 1868இல், தம் நாற்பத்திரண்டாம் வயதில், தலைநகரில் நடந்த போட்டியில் அவர் காட்டிய திறமையைக் கண்டு மக்கள் வியந்தனர். ஆயினும் அவர் செல்வராகவில்லை. 1884இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1897இல் அங்கேயே காலமானார்.

அதன்பின் மரநாரின் இடத்தை இரும்பு பற்றியது. 1894இல் பிரிட்ஸ் ஹூயிட்பெல்ட் என்பார் பாதணியின் முன்பகுதியை இருபுறமும் இறுக்கும் இரும்புக் காதுகளை அமைத்தார். 1929இல் சுவிற்சலாந்தைச் சேர்ந்த கீடோ ரோய்கே, குதிகாலைச் சுற்றி இழுக்கும் கம்பிவடப் பிணைப்பை ஆக்கினார். அதற்கு வாய்த்த பெயர் கந்தகார்! ஆப்கானிஸ்தானத்து நகரின் பெயர் அல்ப்ஸ் மலைக்கு வந்தது எவ்வாறு? 1880இல் கந்தகாரிற் போர் வென்ற ஆங்கிலத் தளபதி ரொபேட்ஸ், கந்தகார்ப் பிரபு ஆனார். 1911இல் சுவிற்சலாந்தில் நடந்த சறுக்குப் போட்டிக்கு அவர் பெயரால் ஒரு கிண்ணம் வழங்கப்பட்டது. அப்பெயர் பிற்காலத்துப் போட்டிகளுக்கும், பின்னர் இப்பிணைப்புக்கும் ஆகிவந்தது.

கந்தகார்ப் பிணைப்புக் குதிகாலைப் பலகையோடு அழுத்திப் பிடித்தது. வேகம் பெருகிற்று, திருப்பம் கூர்மையாயிற்று. ஆனால் விழுந்தவன் காலை அது விடவில்லை. நீண்ட பலகை ஒரு புறம் திரும்ப, உடல் மறுபுறம் திரும்ப, இடையில் அகப்பட்ட கால் எலும்பு முறிந்தது. இவ்வகை இரும்புப் பிணைப்புகளை மக்கள் கரடிப்பொறி என்றே அழைத்தனர்.

நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய யால்மர் ஹுவாம் என்னும் வீரர், 1937இல் ஹூட் மலையில் விழுந்து கால் முறிந்தார். வைத்தியசாலையில் மயக்கம் தெளிந்ததும் தாளும் பென்சிலும் கேட்டு, முறுக்கம் மிகும்போது தானே விட்டுக்கொடுக்கும் முற்பிணைப்பின் படத்தை வரைந்தார் என்பர். அது சில ஆண்டுகளிற் சந்தைக்கு வந்தது. உலகப் போருக்குப் பின்னர், யேர்மனியில் ஹன்னஸ் மார்க்கர், பிரான்சில் ஜான் பெயில் முதலியோர் இக்கருத்தைத் திருத்தி வளர்த்தனர். பக்கவாட்டு முறுக்கத்துக்கு முற்பகுதியும், முன்னோக்கி விழுவதற்குப் பிற்பகுதியும் திறக்கும் இன்றைய அமைப்பு இவ்வாறு உருவாயிற்று.

இனி, எவ்வளவு விசைக்கு அது திறக்கவேண்டும்? இதனைக் காட்டுவது யேர்மன் தரநிறுவனத்தின் பெயரால் வழங்கும் டின் எண். அதனைக் கணிக்கும் முறையைச் சர்வதேசத் தரநிறுவனம் 11088 என்னும் நியமத்தில் வகுத்துள்ளது. கணிப்புக்கு வேண்டியவை ஐந்து: நிறை, உயரம், வயது, பாதணி அடியின் நீளம், சறுக்குபவரின் பாங்கு. நிறை மிகுந்தால் எண் உயரும். அடி நீண்டால் எண் குறையும். நீண்ட நெம்புகோல் சிறு விசையாலும் பெருமுறுக்கத்தை உண்டாக்கும் அன்றோ? ஐம்பது வயதினருக்கும் அதற்கு மேற்பட்டோருக்கும், பத்து வயது நிரம்பாத சிறுவருக்கும் எண் ஒரு படி குறைக்கப்படும். பாங்கு மூவகை: மெதுவாகவும் கவனமாகவும் செல்வோர் முதல் வகை, நடுத்தரமானோர் இரண்டாவது, செங்குத்தான சரிவில் விரைவோர் மூன்றாவது.

பிணைப்பை வாங்குவோர் கருதவேண்டியவை வேறு சிலவும் உள. அளவுகோல் 3 முதல் 10 வரையுள்ள பிணைப்பு ஒருவரது எண்ணை நடுவிற் கொண்டிருத்தல் நன்று. விளிம்பிற் கொண்டிருத்தல் நன்றன்று. பந்தய வீரருக்கென ஆக்கப்பட்டது புதியவருக்குப் பொருந்தாது. அதன் அளவு தொடங்குமிடமே அவருக்கு மிகையாய் இருத்தல் கூடும். பாதணியின் அடி எந்த நியமத்துக்குரியதோ அதனை ஏற்கும் பிணைப்பாகவும் இருக்கவேண்டும். கழன்ற பலகை தனியே ஓடிப் பிறரைத் தாக்காதவாறு தடுக்கும் தடைக்கம்பி, பலகையின் இடையகலத்தைவிடச் சிறிது அகன்றிருத்தல் வேண்டும். பொருத்துதலையும் சோதித்தலையும் பயிற்சி பெற்ற வினைஞரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

எனினும் வினைஞர் நம்புவது நாம் சொல்லும் விடைகளை. வாடகைக் கடையில் நீட்டப்படும் தாளிற் பெருமைக்காக மூன்றாம் வகை என்று குறிப்பவரைப் பிணைப்பும் வல்லவர் என்றே நம்பும். விழும்போது விடாது பற்றிக்கொள்ளும். நிறையைக் குறைத்துச் சொல்பவர் பலகையோ, வேண்டாத இடத்திற் கழன்று அவரை வீழ்த்தக் கூடும். டின் எண் மதிப்பெண் அன்று. குறைந்த எண் இழிவுமன்று, கூடிய எண் புகழுமன்று.

இன்னும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. நவீன பிணைப்புகளால் கீழ்க்கால் எலும்பு முறிவுகள் பெரிதும் குறைந்தன. முழங்காலின் உள்நாண் அறுதலை அவை அவ்வாறு தடுக்கவில்லை. ஆதலின் நல்ல பிணைப்புப் பயிற்சிக்கு ஈடாகாது.

கட்டும் கலையை மனிதன் மிக முன்னரே கற்றான். தக்க தருணத்தில் அவிழும் கட்டை அமைக்கவோ இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருந்தான். கடல் கடந்து செல்லும் நம் உறவினர்களுக்குக் கம்பளிச் சட்டையைக் கட்டிக்கொடுக்கும்போது, அந்தத் தாளில் உள்ளதை உள்ளவாறே எழுதும்படியும் சொல்லியனுப்புவோம்.