31 கோப்பைகள், ஒரு புள்ளி: கென்யன் நீச்சல் அணியின் கதை

இன்றைய எபிசோடை ஒரு ஸ்கோரோடு ஆரம்பிக்கிறேன். 500.5க்கு 499.5. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு என்சிஏஏ. அதன் மூன்றாம் டிவிஷன் ஆண்கள் நீச்சல், டைவிங் சாம்பியன்ஷிப்பில் 2011 மார்ச் மாதம் வந்த இறுதி முடிவு இது. முதல் எண் டெனிசன் பல்கலைக்கழகத்தோடது. இரண்டாவது கென்யன் கல்லூரியோடது. வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி.

இதில் என்ன பெரிய விஷயம்னு நீங்க கேட்கலாம். 1980 முதல் 2010 வரை அந்தக் கோப்பையை ஒவ்வொரு வருடமும் கென்யன்தான் வென்றிருந்தது. தொடர்ந்து 31 முறை! என்சிஏஏ வரலாற்றில் அதுவரை எந்த விளையாட்டிலும், எந்த டிவிஷனிலும் இவ்வளவு நீளமான தொடர் வெற்றி இல்லை. 2010-ல் நீந்திய பையன்களில் யாருமே அந்தத் தொடர் ஆரம்பித்தபோது பிறந்திருக்க மாட்டாங்க.

கென்யன் எங்கே இருக்கு? ஒஹையோ மாநிலத்தில், கேம்பியர் என்ற சின்ன ஊரில். 1824-ல் தொடங்கிய கல்லூரி. மாணவர்கள் 2,000 பேர்கூடக் கிடையாது. மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தரக்கூடாது என்பது விதி. ஆக, அங்கே நீந்த வருகிறவர்களை அதற்கான பணம் காட்டி இழுக்க முடியாது. 1970-களின் நடுவில் ஜிம் ஸ்டீன் என்ற பயிற்சியாளர் அங்கே வந்தார். அவர் காலத்தில்தான் இந்தத் தொடர் தொடங்கியது.

ஒரு சீசன் எப்படிப் போகும்னு கொஞ்சம் பார்த்துடலாம். இலையுதிர் காலத்தில் பயிற்சி ஆரம்பம். விடியற்காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தண்ணீரில் இறங்கணும். நடுவில் வகுப்பு. வேறொரு கல்லூரியோடு நேருக்கு நேர் மோதும் போட்டிகள் குளிர்காலம் முழுக்க நடக்கும். அதற்காகப் பயிற்சியைப் பெரிதாகக் குறைக்க மாட்டாங்க. களைத்த உடம்போடுதான் நீந்துவாங்க. எல்லாமே மார்ச் மாதத்துக்காக. தேசியப் போட்டி நெருங்கும்போது தூரத்தைப் படிப்படியாகக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுப்பாங்க. இதற்கு டேப்பர்னு பேர். கடைசியில் கை, கால் முடியையும் மழித்துவிட்டு இறங்குவாங்க. நம்ம மொழியில் சொன்னால், ஆறு மாத டெவலப்மென்ட்டுக்கு ஒரே ஒரு ரிலீஸ்.

புள்ளிக் கணக்கும் தெரிந்திருக்கணும். காலையில் தகுதிச் சுற்று. அதில் முதல் 16 பேருக்குத்தான் சாயங்காலம் புள்ளி. முதலிடத்துக்கு 20, இரண்டாமிடத்துக்கு 17, அப்படியே இறங்கி 16-வது இடத்துக்கு 1. ரிலேவுக்கு இரட்டிப்பு. டைவிங்கில் எடுத்த புள்ளியும் இதே மொத்தக் கணக்கில்தான் சேரும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொட்டால் இரண்டு இடத்தின் புள்ளிகளையும் கூட்டிப் பாதியாகப் பிரிப்பாங்க. முதலிடத்தில் டை ஆனால் ஆளுக்கு 18.5. ஸ்கோரில் அந்த அரைப்புள்ளி எப்படி வந்ததுன்னு இப்போ புரியும். ஒரு புள்ளி என்பது ஒரு ரேஸில் 16-வதாக வருபவனுக்குக் கிடைப்பது. காலையில் 17-வதாக வந்தவனுக்கு அதுவும் இல்லை. 31 வருடத் தொடரை முடித்து வைத்தது அவ்வளவு சின்ன அளவு.

சரி, ஜெயித்தது யார்? டெனிசன் இருப்பது கிரான்வில் என்ற ஊரில். அதுவும் ஒஹையோதான். கேம்பியரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே அப்போது பயிற்சியாளராக இருந்தவர் கிரெக் பரீனி. இவர் கல்லூரி படித்தது எங்கே தெரியுமா? கென்யனில்! ஸ்டீனிடமே பயிற்சி பெற்று, அந்தத் தொடரின் ஆரம்ப வருடங்களில் நீந்தி, 1982-ல் பட்டம் வாங்கியவர். 1987-ல் டெனிசனுக்குப் பயிற்சியாளராகப் போனார். கென்யன் பெண்கள் அணிக்கும் ஒரு தொடர் இருந்தது: 1984 முதல் 2000 வரை 17 கோப்பைகள். 2001-ல் அதை முறித்தது டெனிசன் பெண்கள் அணி. பயிற்சியாளர் அதே பரீனி. பத்து வருடம் கழித்து ஆண்கள் தொடரையும் முடித்தார். டெனிசனுக்குப் போய் 24 வருடம் ஆகியிருந்தது.

அமெரிக்கக் கல்லூரி நீச்சல் அணிகள் பலவற்றில் அலம்னை மீட்னு ஒரு வழக்கம் உண்டு. சீசன் தொடக்கத்தில் பழைய மாணவர்கள் திரும்பி வந்து, இப்போதைய அணியோடு அதே குளத்தில் போட்டி போடுவாங்க. தொப்பை வைத்த அங்கிள்களும் பதினெட்டு வயசுப் பையன்களும் பக்கத்துப் பக்கத்து லேனில். சுவரில் ரெக்கார்டு போர்டு இருக்கும். தன் பெயர் இன்னும் அதில் இருக்கான்னு எல்லாரும் ஒரு பார்வை பார்ப்பாங்க. பழைய மாணவர்னாலே நமக்கு மனசில் வருவது இப்படித் திரும்பி வருகிறவர்தான். பரீனியும் கென்யனின் பழைய மாணவர்தான். ஒவ்வொரு சீசனும் எதிரணியின் பெஞ்சில் நின்றவர்.

இதைத் துரோகம்னு சொல்லலாமா? இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் சொந்தக் கேள்வி. இன்ஜினியரிங் படிக்கும்போது எங்க கோடிங் கிளப்பில் ஒரு சீனியர் அண்ணன் இருந்தார். எனக்கு அல்காரிதம் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். வேலைக்குப் போன பிறகு, பக்கத்துக் காலேஜ் பசங்களுக்கும் வார இறுதியில் கிளாஸ் எடுத்தார். அடுத்த ஹேக்கத்தானில் அந்தப் பசங்ககிட்ட நாங்க தோற்றோம். அதுக்கப்புறம் நான் அவர்கிட்ட பேசுவதையே நிறுத்திட்டேன்.

கென்யன் கதையின் மிச்சத்தையும் சொல்லிடறேன். 2012-லும் டெனிசன் ஆண்கள் ஜெயிச்சாங்க. அந்த வருடம் ஸ்டீன் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவர் ஜெஸ் புக். 2001-ல் கென்யனில் பட்டம் பெற்ற முன்னாள் நீச்சல் வீரர். 2013, 2014, 2015 மூன்று வருடமும் கோப்பை கென்யனுக்குத் திரும்பியது. கவனிச்சீங்களா? 2011 முதல் 2015 வரை ஐந்து கோப்பைகள். எந்தக் கல்லூரி ஜெயித்தாலும் பெஞ்சில் நின்றது ஸ்டீனின் குளத்தில் வளர்ந்த ஒருத்தர்தான்.

31 என்ற எண் நின்றுபோனதால் ஸ்டீன் கற்றுக்கொடுத்தது நிற்கவில்லை. அது காரில் ஒரு மணி நேரத் தூரம்கூடப் போகாமல் பக்கத்து ஊரிலும் வேர் பிடித்தது. தன் மாணவனிடமே ஒரு புள்ளியில் தோற்க ஒரு ஆசிரியர் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கணும்னு யோசிச்சுப் பாருங்க.

இந்த எபிசோடுக்குக் குறிப்பு எடுத்துக்கிட்டிருந்தபோது, ஆறு வருடம் கழித்து அந்த அண்ணனுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். "எப்படி இருக்கீங்கண்ணா?" மட்டும்தான். பதில் வந்தது: "நல்லா இருக்கேன்டா. அந்தப் பசங்க இப்ப உன்னை விட நல்லா கோட் எழுதுறாங்க."