திரையில் தோன்றும் 106

மைசூரு ஹெப்பாளில், எங்கள் குடியிருப்பின் உடற்பயிற்சிக் கூடத்து டிரெட்மில்லில் என் தந்தையார் நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கிறார். வயது 68, நீரிழிவு உண்டு. திரை காட்டும் கலோரியைப் பார்த்தே இரவு உணவைக் கூட்டிக் குறைக்கிறார். 60 கிலோ எடை, மணிக்கு 5 கி.மீ. வேகம், சமதளம் எனில், அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சமன்பாடு தருவது ஏறத்தாழ 106 கிலோகலோரி. அதே எடையுள்ள எனக்கும் அதே 106. அச்சமன்பாட்டில் வயதுக்கு இடமில்லை. (பல கருவிகள் வயதைக் கேட்பது இதயத்துடிப்பின் இலக்கைக் கணிப்பதற்கே.)

இந்த எண்ணின் பின்னுள்ள வரலாறு நீண்டது. 1889-இல் பெர்லினில் சுண்ட்ஸும் லேமனும் இயங்குபட்டையில் நடக்கவைத்து ஆராய்ந்தது குதிரையை. 1915-இல் பாஸ்டன் கார்னகி ஊட்டச்சத்து ஆய்வகத்தில் பெனடிக்டும் முர்ஷ்ஹவுசரும் சமதள நடையின் ஆற்றற்செலவை அளந்தனர். நடந்தவர்கள் ஒருசில ஆண்கள். வயதை முறையாக ஆய்வுக்குள் கொணர்ந்தவர் ஹார்வர்டு களைப்பு ஆய்வகத்தின் சிட் ராபின்சன். 1938-இல் வெளியான அவரது ஆய்வில் 6 முதல் 91 வயது வரையுள்ளோர் டிரெட்மில்லில் ஏறினர். அங்கும் அனைவரும் ஆண்களே.

பெண்கள் எங்கே? சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் எலினார் மேசன், அதே பெனடிக்டுடன் இணைந்து, தென்னிந்தியப் பெண்களின் அடிப்படை வளர்சிதை மாற்றத்தை அளந்து 1931-இல் வெளியிட்டார். அமெரிக்க அளவுகோலைவிட அது கணிசமாகக் குறைந்திருந்தது. ஆனால் அவர்கள் அளக்கப்பட்டது படுத்த நிலையில். நடையின் அளவீடும் நம்மவர் உடலின் அளவீடும் ஒரே அறிஞரின் கைவழியே வந்தும், ஒரே சமன்பாட்டில் சேரவில்லை.

விளைவு எளிதன்று. சமன்பாட்டின் ஓய்வுநிலைப் பகுதி, கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மி.லி. ஆக்சிஜன், 70 கிலோ எடையுள்ள 40 வயது ஆணொருவரோடு தொடர்புபடுத்தப்படும் எண் அது. 106-இல் சுமார் 31 அதனுடையது. தந்தையாருக்கு அது மிகை. மறுபுறம், ஒரே வேகத்தில் நடக்க முதியோருக்கு இளையோரைவிடக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படுகிறது; சிறுவருக்கும் கிலோவுக்கு அப்படியே. இப்பகுதி குறை. மிகையும் குறையும் ஒன்றையொன்று ஈடுசெய்து, தற்செயலாகச் சரியான விடையும் வரலாம்!

ஆயினும் கைப்பிடியைப் பற்றி நடந்தால் செலவு குறையும் என்பதைச் சமன்பாடு அறியாது. தந்தையார் முழு அரைமணியும் கைப்பிடியை விடுவதில்லை.